உப்பு தெரியாத முள்

எங்கள் மிளகாய்க் கொல்லையில் ஒரு பொய்சாட்சி நின்றுகொண்டிருந்தது. நட்டு வைத்தவள் நான்தான்.

டென்சியோமீட்டர் என்று பெயர். தண்ணீர் நிரப்பிய குழாய், அடியில் சுட்ட மண்ணாலான முனை, மேலே கடிகாரம் மாதிரி ஒரு முள். மண் காய்ந்தால் முனை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும், முள் ஏறும். மண்ணிலிருந்து தண்ணீரை எடுக்க வேர் எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதற்கு அந்த முள்தான் கணக்கு. பச்சைக் கோட்டுக்குள் கிடந்தால் செடிக்குக் குறையில்லை. எம்.எஸ்ஸி. முடித்து வரும்போது பேராசிரியை இதை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார். அய்யாவின் கொல்லையில் புதைத்தேன்.

அய்யா போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்துவார். "எம் மக நட்டது. வேரு தண்ணி குடிக்கிறத இங்கன நின்னே பாக்கலாம்." எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்கிற கடைசி ஆள் அவர், பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நடுவில் யாரும் கிடையாது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். தெருவில் என் வயதுப் பெண்களெல்லாம் இடுப்பில் பிள்ளையோடு நிற்கிறார்கள்; நான் பக்கத்தில் போனால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சில நாள் நான் நாள் முழுக்கப் பார்த்த ஒரே முகம் அந்த முள்ளின் முகம்தான்.

தை மாதம், பூ விட்ட செடிகள் தலையைத் தொங்கப்போட்டன. வெயில் இறங்கியும் நிமிரவில்லை. முள் மட்டும் பச்சையிலேயே கிடந்தது.

குருநாதன் மாமா வந்தார். கொல்லைக்குக் கிழக்கே அவருடைய இறால் பண்ணை. போன வருஷம் வெட்டிய குட்டைகளில் கடல் தண்ணீரை மோட்டார் வைத்து நிரப்புகிறார்.

"மச்சான், ஒம்ம மக வச்ச மீட்டரே தண்ணி இருக்குங்குது. அப்பறம் செடி ஏன் சாகுது? மண்ணு சீக்கு. பேசாம எனக்குக் குத்தகைக்கு விடும்."

அய்யா என்னைப் பார்த்தார். "மீட்டரு சரிதானத்தா?"

"சரிதான்யா. ஆனா அதுக்கு உப்பு தெரியாது. இவரு குட்டைத் தண்ணி நம்ம மண்ணுல கசியுது."

"மீட்டருக்குக் கொரோனாவா மருமகளே, உப்பு தெரியாமப் போக?"

வரப்பில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அய்யா சிரிக்கவில்லை. நாளைக் காலையில் பத்திரம் எழுத வருவதாக மாமாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கொல்லை போனால் எங்களுக்கு வேறு எதுவும் கிடையாது.

அன்று மத்தியானமே, மினி பஸ் நிற்கிற இடத்து நாடகமேடையில், ஊர் பார்க்க இரண்டு பெயிண்ட் வாளிகளை வைத்தேன். ஒன்றில் கண்மாய்த் தண்ணீர். இன்னொன்றில் கொல்லையில் தோண்டிய குழியில் ஊறிய தண்ணீர். கண்மாய்க் கரைப் பக்கம் இன்னும் வாடாமல் நின்ற மிளகாய்ச் செடிகளில் இரண்டை வேர் அறுபடாமல் எடுத்து, வாளிக்கொன்றாக வைத்தேன். மீட்டரின் முனையை இந்த வாளியில் விட்டேன், பிறகு அந்த வாளியில். இரண்டிலும் முள் அசையவில்லை.

"ரெண்டுலயும் தண்ணி இருக்குன்னு இது சொல்லுது. செடி என்ன சொல்லுதுன்னு பாருங்க."

"கட்டிக்கிற வயசுல செடிக்கு ட்ரிப்ஸ் ஏத்திக்கிட்டுத் திரியிறா" என்றாள் எதிர்வீட்டுப் பஞ்சம்மாள்.

கொஞ்ச நேரம் பார்த்தார்கள். செடி ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் மினி பஸ் வந்தது. பாதிப்பேர் ஏறிவிட்டார்கள், மீதிப்பேர் வீட்டுக்குப் போனார்கள். இலை தொங்குகிறவரை உட்கார ஊரில் யாருக்கும் பொறுமையில்லை. ஒருத்தன் ரீல்ஸ் போட்டால் விடிய விடியப் பார்ப்பார்கள்.

கொல்லைத் தண்ணீரில் இருந்த செடியின் நுனி முதலில் வளைந்தது. பிறகு ஒவ்வோர் இலையாகக் கவிழ்ந்தது. "பாருங்க!" என்று கத்தினேன். ஒரு வெள்ளாடு திரும்பிப் பார்த்தது. நல்ல செடியைத் தின்ன வந்தது. விரட்டினேன்.

இரண்டு வாளிகளையும் மீட்டரையும் வீட்டுக்குத் தூக்கிப்போய் அய்யா முன்னால் வைத்தேன். அவர் முனையை இதில் விட்டார், அதில் விட்டார். வாடிய இலையை விரலால் நிமிர்த்தினார். அது மறுபடி விழுந்தது.

"தண்ணிக்குள்ளதான நிக்கிது?"

"நிக்கிதுய்யா. ஆனா உப்பு தண்ணிய விட மாட்டேங்குது. வேரு உப்பைத் தடுத்துட்டுத் தண்ணிய மட்டும் இழுக்கப் பாக்கும், பலம் பத்தாது. மீட்டரு முனையில உப்பும் சேந்தே போயிட்டு வரும். அதான் அதுக்கு ஒண்ணும் தெரியல."

அய்யா முனையை வெளியே எடுத்துத் துண்டால் துடைத்தார்.

"கண்மாயில தண்ணி கெடந்துச்சு. முள்ளு பச்சையில இருக்குன்னு எறைக்காம விட்டேன். நீ வச்சதாச்சேன்னு."

மாமா மேல் இருந்த கோபம் எல்லாம் என் மேலேயே திரும்பியது.

காலையில் வாசலில் மாமாவின் பைக் ஹாரன் அடித்தது. அய்யாவின் வெள்ளைச் சட்டை கொடியிலேயே தொங்கியது.

"நீ போயிச் சொல்லு தாயி. அவன் மூஞ்சியப் பாத்தா எனக்கு வாய் வராது."

போனேன். "அய்யா வரலை மாமா. கொல்லை குத்தகைக்கு இல்லை."

தெருக்குழாயில் வாளிச் சத்தம் நின்றது. பாதி வீட்டுக்கு அந்தப் பண்ணையில்தான் வேலை.

"குடுத்த வாக்கை மாத்தத்தான் காலேஜ்ல சொல்லிக்குடுத்தாகளா? ஒனக்காகப் பேச இந்தத் தெருவுல ஒரு ஆள் இருக்கா?"

வரிசையாக வாசல்களைப் பார்த்தேன். பஞ்சம்மாள் உள்ளே போய்விட்டாள்.

"இல்ல மாமா. அதான் நானே பேசுறேன்."

பைக் போயிற்று. கூலிக்குக் கூப்பிட்டதற்கு யாரும் வரவில்லை. நல்ல தண்ணீர் பாய்ச்சி மண்ணிலிருக்கிற உப்பைக் கழுவி இறக்க, கண்மாய்க் கரையில் ஆயில் என்ஜினின் கைப்பிடியை நானே சுற்றினேன். இரண்டு முறை உதறி என் மணிக்கட்டில் அடித்தது, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. குழாயின் அந்தக் கடைசியில், கொல்லையின் நடுவில், அய்யா சின்னதாகத் தெரிந்தார். ஏதோ கத்தினார். என்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.