ஆறட்டும்

"அது பயப்படுதாப்பா?"

வண்டியை வாசலில் நிறுத்தி சாவியைத் திருப்பி அணைத்த பிறகும், முன்பக்கத்திலிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டுத்தான் அவள் அப்படிக் கேட்டாள். அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. வண்டியும் புதிது. அப்பா சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"இல்லடா குட்டி. ஓடி வந்த சூடு. இப்ப ஆறுது. ஆறட்டும், இரு."

சத்தம் நிற்கும்வரை இருவரும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அதுவே வீட்டு வழக்கமாகிவிட்டது. கல்யாணத்துக்குப் போய் வந்தாலும் கடைக்குப் போய் வந்தாலும் இன்ஜின் ஆறாமல் அந்த வண்டியிலிருந்து யாரும் இறங்குவதில்லை. வீட்டுக்குள் இருக்கும் அம்மா வண்டிச் சத்தம் கேட்டதும் அடுப்பில் தண்ணீர் வைப்பாள். அவர்கள் உள்ளே வரும்போது தண்ணீர் கொதித்திருக்கும்.

இப்போது அதே வாசலில், அதே வண்டியில், அப்பாவின் இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். சாவி துவாரத்தில் இருந்தது. அதைத் திருப்பக் கை வரவில்லை.

காலையில் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னா இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுங்க."

ஆம்புலன்ஸ் வேண்டாம் என்பதில் அப்பா உறுதியாக இருந்தார். மூச்சு வாங்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அந்தச் சத்தம் கேட்டா உங்கம்மா அங்கயே உக்காந்துடுவா. அவளுக்குக் கண்ணுதான் போச்சு. காது இருக்கு. நம்ம வண்டி சத்தம்னா அவளுக்குத் தெரியும். நீ ஓட்டு."

"எனக்குப் பயமா இருக்குப்பா."

"தெரியும். ஓட்டு."

வண்டியை எடுத்துப் போகத்தான் அவள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் ஓட்டக் கற்றது அந்த வண்டியில்தான். லைசென்ஸும் இருந்தது. ஆனால் ஒருமுறை கேட் தூணில் இடித்ததிலிருந்து, பக்கத்தில் அப்பா இல்லாமல் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. அண்ணன் வெளிநாட்டிலிருந்து கிளம்பிவிட்டான், ஆனால் இன்று வந்து சேர முடியாது. வண்டியோ அப்பா ஆஸ்பத்திரியில் படுத்த நாளிலிருந்து நின்ற இடத்திலேயே நிற்கிறது. பேட்டரி கிழடாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சு அடைத்தது.

இருக்கை ஸ்டீயரிங்கை ஒட்டி முன்னால் தள்ளிக் கிடந்தது. முழங்கால் இடித்தது. அவளும் அப்பாவைப் போல உயரம். யார் இதை இப்படித் தள்ளினார்கள் என்று யோசிக்க அப்போது மனசு இல்லை. நெம்புகோலைத் தூக்கி இருக்கையைப் பின்னுக்கு நகர்த்தினாள்.

"எடும்மா. எடுக்கும்," என்றார் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த பக்கத்து வீட்டு மாமா.

"நின்னே கிடந்த வண்டி மாமா. எடுக்கலைன்னா?"

"கொரியாக்காரனுக்கு வெட்கமே கிடையாதும்மா. எத்தன தடவ கீழ போட்டாலும் எழுந்து வந்துடுவான். உங்கப்பாவே அப்படித்தானே."

தெருவில் அவருக்குப் பெயர் ஜப்பான். அப்பாவுக்குப் பெயர் கொரியா. இருவரும் ஒரே வருஷம் வண்டி வாங்கினார்கள். அவர் ஜப்பான் கம்பெனி வண்டி வாங்கினார். உதிரி பாகக் கடையில் வேலை பார்த்த அப்பா கொரியக் கம்பெனி வண்டி வாங்கினார். அன்று மதில் சுவரின் இரு பக்கமும் ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை.

"தகர டப்பாவ வாங்கி நிறுத்தியிருக்கியே, மழை வந்தா உள்ள நனையுமா வெளிய நனையுமா?" என்பார் ஜப்பான்.

"எந்த வண்டிக்காரன் எத்தன தடவ எங்க கடைக்கு வர்றான்னு பாத்துட்டுத்தான் வாங்கினேன். உன் ஆளுங்களுக்கு நாங்க நாற்காலியே போட்டு வெச்சிருக்கோம்," என்பார் அப்பா.

அந்தக் கம்பெனியின் கதையை அப்பா தன் சொந்த மாமனார் வீட்டுக் கதை மாதிரி சொல்வார். ஆரம்பத்தில் சைக்கிளுக்குக் குழாய் செய்தார்கள். அப்புறம் சைக்கிள். அப்புறம் மூன்று சக்கர வண்டி. கடைசியில்தான் கார். நடுவில் ஒருமுறை திவாலாகி, இன்னொருத்தன் கைகொடுத்து எழுந்து நின்றார்கள். "சைக்கிள்ல இருந்து வந்தவனுக்குத்தான்யா மிதிக்கிறவன் கால்வலி தெரியும்," என்று முடிப்பார். ஜப்பான் அதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். "அதான் உன் வண்டில மேடு ஏறுறப்போ நானும் சேந்து மிதிக்க வேண்டியிருக்கு."

இரண்டு வீட்டின் மாற்றுச் சாவிகளும் இடம் மாறித் தொங்கின. இவர்கள் வீட்டு ஆணியில் தொங்கிய ஜப்பான் வண்டிச் சாவியில் அப்பா 'நோயாளி' என்று எழுதி ஒட்டியிருந்தார். அவர் வீட்டு ஆணியில் அப்பாவின் வண்டிச் சாவிக்கு 'டப்பா' என்று பெயர்.

கடவுளே என்று முணுமுணுத்துச் சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

மாமா பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். இரண்டு கண்ணிலும் புரை முற்றியதால் சாலையில் வண்டி ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் அவருக்குத் தடை போட்டிருந்தார். அறுவை சிகிச்சைக்குக் கொடுத்த தேதியை அவர் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். "கொரியா வீட்டுக்கு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்," என்று மாமியிடம் சொன்னாராம். மாமி அன்று அம்மாவுக்குத் துணையாக வீட்டில் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அப்பாவை முன் இருக்கையில் சாய்த்து உட்கார வைத்தார்கள். அவர்தான் அப்படிக் கேட்டார். சிறிய ஆக்சிஜன் சிலிண்டரை மடியில் கிடத்திக்கொண்டு மாமா பின்னால் உட்கார்ந்தார். அதிலிருந்து வந்த குழாய் அப்பாவின் தோள் வழியாக மூக்குக்குப் போனது. தூக்கி வைத்த ஊழியர், "உள்ள நல்லா இடம் இருக்கே சார், வெளிய பாத்தா தெரியல," என்றார். அப்பாவின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. கண்ணாடி வழியாக மாமாவைப் பார்த்தார்.

"கேட்டுக்கிட்டேன், கேட்டுக்கிட்டேன்," என்றார் மாமா.

அவள் வண்டியை எடுத்தாள். கை வியர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. பக்கத்தில் வந்த ஒவ்வொரு பஸ்ஸும் தன்மேல் சாய்வதாகத் தோன்றியது. அதைவிடப் பெரிய பயம் இடது பக்கத்திலிருந்து வந்த மூச்சு. அது வரும், நிற்கும், பிறகு வரும். நிற்கும்போதெல்லாம் அவள் கால் தானாக வேகத்தைக் குறைத்தது. வீடு வரைக்கும், வீடு வரைக்கும் என்று மட்டும் வேண்டிக்கொண்டாள். அதற்குமேல் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"என்ன கொரியா, குலுக்குதே," என்றார் மாமா. குரல் வழக்கம்போல இருந்தது. கண்ணாடியில் அவள் பார்த்தபோது, சிலிண்டரை அவர் குழந்தையைப் போல இரண்டு கையாலும் அணைத்திருந்தார்.

"அது... ரோடு," என்றார் அப்பா.

மேம்பாலத்தின் ஏற்றத்தில் சிக்னல் விழுந்தது. அவள் பயந்தது இந்த இடத்துக்குத்தான். பச்சை வந்ததும் காலை எடுத்தாள். வண்டி ஒரு உதறு உதறி அணைந்து பின்னால் சரிந்தது. பிரேக்கை மிதித்தாள். பின்னால் ஹாரன்கள் ஒன்றாகக் கத்தின. சாவியைத் திருப்பினாள், மறுபடி உதறியது, மறுபடி அணைந்தது.

"அப்பா, என்னால முடியலப்பா."

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. மடியில் கிடந்த அவர் கை மெல்ல நகர்ந்து கியர்மேல் இருந்த அவள் கைமேல் வந்து விழுந்தது. பனிக்கட்டி மாதிரி இருந்தது.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். பின்னால் நின்ற டாக்ஸியின் டிரைவர். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தாள். அவர் குனிந்து அப்பாவைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார்.

"அக்கா, அவசரமே இல்ல. நம்மளுதும் இதே வண்டிதான். ஏத்தத்துல கொஞ்சம் அடம் பிடிக்கும், கழுத. ஆனா கைவிடாது. ஹேண்ட் பிரேக்கப் போடுங்க. கிளட்ச்ச முழுசா மிதிச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. நான் பின்னாடி யாரையும் விடல."

அவர் போய் டாக்ஸியைச் சாலைக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தினார். ஹாரன் அடித்தவர்களைப் பார்த்துக் கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். எப்படியோ சத்தம் அடங்கியது.

"ஆறட்டும்," என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

வண்டியைச் சொன்னாரா, அவளைச் சொன்னாரா என்று தெரியவில்லை. அவள் ஒருமுறை மூச்சை இழுத்து விட்டாள். சாவியைத் திருப்பினாள். வண்டி ஏற்றத்தில் ஏறியது. கண்ணாடியில் டாக்ஸி சிறிதாகிக்கொண்டே போனது. அந்த மனிதரின் முகம்கூட அவளுக்கு மனதில் பதியவில்லை. தேவைப்படும் இடத்தில் தேவையான ஆளைக் கடவுள் நிறுத்தி வைக்கிறார். நன்றி சொல்லத்தான் நேரம் கொடுப்பதில்லை.

தெருமுனை திரும்பியபோது கேட் முழுதாகத் திறந்திருந்தது. தூணைப் பார்க்காமல் நேராகப் பார்த்து உள்ளே விட்டாள். நிறுத்தினாள். சாவியைத் திருப்பி அணைத்தாள்.

டிக், டிக்.

யாரும் இறங்கவில்லை. அம்மா ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, மறு கையை மாமியிடம் கொடுத்துப் படியிறங்கி வந்தாள். முன்பக்க மூடியின் சூட்டைத் தொட்டதும் மாமியின் கையை விட்டுவிட்டாள். அதற்கப்புறம் அவளுக்கு வழி தெரியும். கதவை அடைந்து, இறக்கியிருந்த கண்ணாடி வழியாகக் கையை உள்ளே விட்டாள். அப்பாவின் நெற்றி கிடைத்தது.

"வந்துட்டீங்களா?"

"ம். வந்துட்டேன்."

"தண்ணி வெச்சிருக்கேன்."

அப்பா தலையசைத்தார். அது அம்மாவின் உள்ளங்கைக்குத் தெரிந்திருக்கும். சத்தத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. அவள் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காதவரை எதுவும் நடக்காது என்று குழந்தையைப் போல நினைத்துக்கொண்டாள்.

கடைசியாக ஒரு டிக். அப்புறம் ஒன்றுமில்லை.

பின்னாலிருந்து, மாமா சிலிண்டரின் திருகை மூடும் சத்தம் கேட்டது.

அம்மா கையை எடுக்கவில்லை. "ஆறிடுச்சு," என்றாள்.

அண்ணன் வந்தான். செய்ய வேண்டியவை எல்லாம் நடந்தன. உதிரி பாகக் கடை முதலாளி கடையை மூடிவிட்டு வந்தார். அதே மாதிரி வண்டி வைத்திருந்த ஏழெட்டுப் பேர், அப்பாவிடம் யோசனை கேட்டுப் பழகியவர்கள், தெருவோரம் வரிசையாக வண்டியை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். "ஏசி ஓடலன்னா வண்டிய வித்துடுவேன்னேன். ஒரு ரப்பர் வளையத்த மாத்திக் குடுத்து, இன்னும் பத்து வருஷம் உன்னோடதான் இருக்கும்னாரு," என்றார் ஒருவர். "ஸ்டீயரிங் வெண்ணெய் மாதிரி, பள்ளம் மட்டும் பாத்து இறக்குன்னு சொல்லித்தான் எனக்கு வாங்கிக் குடுத்தாரு," என்றார் இன்னொருவர். துக்க வீடு என்பதை மறந்து இருவர் மைலேஜ் பற்றிச் சண்டையே போட்டார்கள். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. ஜப்பான் மாமா அந்தப் பக்கமே வரவில்லை. மதிலுக்கு அப்பால் தன் வண்டியின்மேல் கையை ஊன்றி நின்றிருந்தார்.

எல்லோரும் போன பிறகு, துணி மடித்துக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள்.

"நீ ஆஸ்பத்திரியிலயே கிடந்தியே, அப்ப தினம் காலைல நம்ம வண்டிச் சத்தம் கேக்கும்."

"நம்ம வண்டியா?"

"ஆமா. முதல் நாள் அவருதான் வந்துட்டார்னு அடுப்புப் பக்கம் ஓடினேன். அப்புறம் வாசலுக்குப் போய்க் கேட்டேன். யாருன்னு. 'நான்தான் தங்கச்சி. பேட்டரி செத்துடக் கூடாதே, அதான் கொஞ்ச நேரம் ஓட விடறேன். கொரியாகிட்ட சொல்லிடாதம்மா, ஜப்பான் மானமே போயிடும்'னார்."

அவள் மடித்த புடவையை மறுபடி விரித்து மறுபடி மடித்தாள். முழங்காலில் இடித்த அந்த இருக்கை நினைவுக்கு வந்தது. உட்கார்ந்தால் ஜப்பானுக்கு ஸ்டீயரிங் வளையத்துக்குள்ளேதான் ரோடு தெரியும் என்று அப்பா கேலி செய்வதும்.

"தினமும் ஆறற வரைக்கும் உள்ளயே உக்காந்திருப்பார்," என்றாள் அம்மா. "அவருக்கு யார் சொன்னாங்களோ."

அடுத்த வாரம் மாமாவைக் கண் அறுவைக்கு அவர் மகள் வந்து தன் ஊருக்குக் கூட்டிப் போனாள். மாமியும் போனாள். வீடு பூட்டிக் கிடந்தது. அவர் வண்டி தனியாக வெயிலிலும் மழையிலும் நின்றது. திரும்பி வர ஒரு மாதம் ஆகலாம் என்றார்கள்.

ஒரு காலை, அம்மா எழுந்திருக்கும் முன், அவள் ஆணியிலிருந்து 'நோயாளி' சாவியை எடுத்தாள். அப்பாவின் எழுத்து வெளியே தெரியாதபடி கைக்குள் மூடிக்கொண்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சிறிய கதவைத் திறந்து போனாள். தெருவில் யாரும் இல்லை. ஜப்பான் வண்டியின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். இருக்கை முன்னால் ஒட்டி இருந்தது. முழங்கால் இரண்டும் இடித்தன. நெம்புகோல்வரை போன கையை எடுத்துக்கொண்டாள். இருக்கை அப்படியே இருக்கட்டும்.

சாவியைத் திருப்பினாள். முதலில் முனகியது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. வண்டியை ஓட விட்டு, கண்ணாடியில் படிந்த இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போதும் என்று தோன்றியதும் அணைத்தாள்.

டிக், டிக்.

இதுவும் அதே சத்தம்தான் போட்டது. அவள் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு, அது ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள்.