வெந்நீர் அடுப்பில் எரிந்த முடிவு

தாள் முதலில் ஓரத்தில் பழுப்பாகிறது, பிறகு கதாநாயகி வசுமதியின் படம், அந்தப் பெரிய கண்கள், சுருண்டு கருகுகின்றன, நான் வெந்நீர் அடுப்பின் முன் குத்தவைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன், எனக்குப் பத்தொன்பது வயது, கோவில்பட்டி வீட்டின் பின்கட்டு, எரிவது வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையின் கடைசி வாரம், நான் படித்து முடித்தாயிற்று, அதற்காக ஏழு நாளாகக் காத்துக் கிடக்கிறாள் அண்ணன் மனைவி சொர்ணம் மதினி, அவள் காத்துக் கிடக்கிறாள் என்பதைத் தவிர அதை எரிக்க எனக்கு வேறு காரணமே இல்லை. ஏட்டி, இந்த வாரத்துப் புஸ்தகம் வந்திருச்சா, என்று ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வருகிறாள், வரலியே மதினி, பேப்பர்க்காரன் போடல, என்கிறேன், அவள் முகம் வாடிப்போகிறது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது எனக்கு இனித்தது.

இத்தனைக்கும் வசுமதிக்காக வாராவாரம் மூக்கைச் சிந்தி அழுதவள் நான், அவளை ஆட்டிப்படைக்கும் நாத்தனார் காந்தாவைக் கரித்துக்கொட்டியவளும் நான்தான், நாசமாப் போவா என்று திட்டிவிட்டு எழுந்துபோய், அம்மாவை மதினி மரியாதையில்லாமல் பேசினாள் என்று அண்ணனிடம் ஒரு பொய் சொல்வேன், அவன் கை நீட்டுவான், நான் மறுபடி கதைக்குத் திரும்பி வசுமதிக்காக அழுவேன், வசுமதி நான்தான் என்றே நினைத்திருந்தேன், அப்படியொரு படிப்பு. மதினி வாரா வாரம் பின்னைப் பிடுங்கிக் கதைத் தாள்களைத் தனியே எடுத்துக் கோணி ஊசியால் தைத்து வைப்பாள், வாசலைத் தாண்ட விடாத வீட்டில் யாரிடம் போய் முடிவைக் கேட்பாள், மூன்று மாதம் கழித்து மகளைத் தூக்கிக்கொண்டு சாத்தூருக்கு ரயிலேறியவள் திரும்பவேயில்லை, தைத்த கதை பரணில் கிடந்தது.

முப்பது வருஷம் கழித்து அண்ணன் காரியம் முடிந்து பரணை ஒழிக்கிறேன், கதை கையில் வருகிறது, கடைசியில் கோடுபோட்ட நோட்டுத் தாள் நான்கு, மதினியின் கையெழுத்து, எரிந்துபோன முடிவை அவளே எழுதியிருக்கிறாள். அதில் காந்தா பேசுவதெல்லாம் என் பேச்சு, ஒரு சொல் மாறவில்லை, வசுமதி பதில் பேசாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறாள், அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், ஐம்பது வயதில்தான் எனக்குப் படிக்கத் தெரிந்தது, மதினி ஒரு வார்த்தை மன்னித்தேன் என்று சொல்லாவிட்டால் இனி எனக்குத் தூக்கமில்லை என்றும் தெரிந்தது.

சாத்தூரில் சேவுக்கடை வைத்திருக்கிறாள், நரைத்துவிட்டாள், வாங்க, உக்காருங்க, என்கிறாள், ஏட்டி என்று கூப்பிட்டவள். மதினி, கடைசி வாரத்த நாந்தான் அடுப்புல வச்சேன். தெரியும், சாம்பல்ல பாதித் தாளு கிடந்துச்சு, என்கிறாள், பிறகு தராசிலிருந்து கையை எடுத்துவிட்டு மெதுவாகக் கேட்கிறாள், அதுல என்னதான் முடிவு போட்டிருந்தான். எனக்கு உயிர் வந்தது, ஆசையோடு சொன்னேன், வசுமதி ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்திருவா மதினி, காந்தாவ மன்னிச்சுக் கட்டிப்பிடிச்சுக்கிடுவா. சொல்லிவிட்டு அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொர்ணம் மதினி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நல்ல வேளை எரிச்சீங்க, அதப் படிச்சுத் தொலைச்சிருந்தா நானும் ஸ்டேஷன்லருந்து திரும்பி வந்திருப்பேன், உங்க வீட்லயே கிடந்து செத்திருப்பேன், நீங்க செஞ்ச ஒரே நல்ல காரியம் அதுதான், என்று கைகூப்பினாள், பிறகு எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, உங்களுக்கு என்ன வேணும் அண்ணாச்சி, என்றாள். அவள் எழுதிய முடிவில் அதற்குமேல் காந்தாவுக்குப் பேச்சே இல்லை, நான் படியிறங்கினேன்.