மூன்று முறை கூப்பிட்டால்

ஒலிபெருக்கியில் என் தம்பியின் பெயரைச் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"ஆஸ்கர், ஆஸ்கர், ஆஸ்கர். கப்பலின் வலப்பக்கம்."

பதினைந்தாம் தளத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் குடும்பம் நான்கு மேசைகளை நிறைத்து உட்கார்ந்திருந்தது. எங்கள் மேக்கன் ஊரிலிருந்தும் டெட்ராய்ட்டிலிருந்தும் வந்த டாலிவர் குடும்பத்தார். எல்லோருக்கும் ஒரே ஊதாச் சட்டை, நெஞ்சில் எங்கள் அப்பாவின் பெயர். குடும்பச் சந்திப்பு என்றால் எங்கள் ஜார்ஜியாவில் சர்ச் பூங்காவில் கூடுவதுதான் வழக்கம். இந்தத் தடவை கப்பலில் கூடலாம் என்று இளையவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். மயாமியில் ஏறி இரண்டு நாளாகியிருந்தது. அன்று கரையே இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர்தான்.

"மாமா இறால் மொத்தத்தையும் தீர்த்திருப்பாரு. கேப்டனே கூப்பிட்டு விசாரிக்கிறாரு" என்றான் ரோடெல். ஆஸ்கரின் மகள் டெனிட்டாவைக் கட்டியவன். வாய் நீளம்.

டெட்ராய்ட்டிலிருந்து வந்த என் சித்தப்பா மகள் பெர்னிஸ் சிரித்துச் சிரித்துத் தோள் குலுங்கினாள். "மூணு தரம் கூப்பிடறதப் பாத்தா, எங்க பெரியப்பா ஆவிதான் கப்பல ஓட்டுது போல."

மேசை முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில் ஒரு கறுப்பர் குடும்பத்துக்கு நல்ல பெயர் சும்மா வந்துவிடாது. அப்பா அதை ஒவ்வொரு செங்கல்லாக அடுக்கினார். சர்ச்சின் மூலைக்கல்லில் அவர் பெயர் இருக்கிறது. ஆஸ்கர் அதே சர்ச்சில் முப்பது வருடம் டீக்கன், பாதிரியாருக்கு அடுத்த பொறுப்பில் இருப்பவன். அப்படிப்பட்டவனை ஐயாயிரம் பேர் காதில் விழும்படி, தொலைந்துபோன குழந்தையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுவதா?

"தூங்கறவனை எதுக்குக் கூப்பிடறாங்க?" என்றேன்.

"அப்பா ரூம்லதான் இருக்காரு அத்தை" என்றாள் டெனிட்டா. "நான்தான் போர்வை போத்திட்டு வந்தேன்." சொல்லும்போதே அவள் முகம் மாறிவிட்டது. ஏன் மாறியது என்று எங்கள் இருவருக்கும்தான் தெரியும்.

எனக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்த பையன் கூஜாவை எங்கள் மேசையிலேயே வைத்துவிட்டு ஓடினான். இன்னும் இரண்டு பேர் தட்டுகளைக் கிடைத்த இடத்தில் வைத்துவிட்டு அவன் பின்னால் ஓடினார்கள். என் கோப்பையில் காபி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இடது ஜன்னலில் இருந்த வெயில் மெல்ல நகர்ந்து என் முகத்துக்கு நேரே வந்தது. கப்பல் திரும்பிக்கொண்டிருந்தது. அத்தனை பெரிய கப்பல். அது நகர்கிற பொருள் என்பதையே நான் மறந்திருந்தேன்.

பக்கத்து மேசையில் கடற்படைத் தொப்பி போட்ட ஒரு கிழவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "அம்மா, அது யாரோட பேரும் இல்ல. ஆளு கடல்ல விழுந்துட்டா அப்படிச் சொல்வாங்க. பயணிகளுக்குப் புரியக்கூடாதுன்னு வச்ச வார்த்தை."

"என் தம்பி பேரு ஆஸ்கர்" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். "அப்ப ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடுங்க."

ஆஸ்கரின் அறை இருந்த ஒன்பதாம் தளத்து நடைவழி முனை தெரியாமல் நீண்டது. இரு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். டெனிட்டா முன்னால் ஓடினாள். நான் ஓடவில்லை. ஓடினால் எதையோ ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தோன்றியது. என் கால்கள் மட்டும் தாமாகவே வேகமாகப் போயின.

கட்டில் காலி. போர்வை தரையில் கிடந்தது. பால்கனிக் கண்ணாடிக் கதவு திறந்திருக்க, திரை காற்றில் உள்ளே வந்து வந்து போனது. பால்கனியில், கம்பியோரமாக, அவனுடைய செருப்பு. இரண்டும் கடலைப் பார்த்தபடி ஜோடியாக இருந்தன.

"இது எந்தப் பக்கம்?" என்று வாசலில் நின்ற அறைப் பணியாளனைக் கேட்டேன்.

"வலப்பக்கம்மா."

நான் செருப்பைத் தொடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அத்தனை ஆழத்தில் தண்ணீர் வெள்ளையாகக் கிழிந்து பின்னால் போனது. தூரத்தில் ஒரு ஆரஞ்சு நிறப் படகு அலையில் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. என் வாயில் ஜெபம் வரவில்லை. அவனுக்குத் தண்ணீர் என்றால் சின்ன வயதிலிருந்தே பயம் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

போன டிசம்பரில் ஆஸ்கர் சர்ச்சிலிருந்து வீட்டுக்கு வர வழி தெரியாமல் வேறு மாவட்டம் வரை கார் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். டாக்டர் அந்த நோயின் பெயரைச் சொன்னார். வெளியே ஒரு வார்த்தை போகக்கூடாது என்று நான் டெனிட்டாவிடம் சொன்னேன். மயாமியில் ஏறும்போது, உதவி தேவைப்படுகிறவர்கள் யாராவது உண்டா, அவர்களுக்குக் கையில் ஒரு பட்டை கட்டிவிடுவோம் என்று கவுன்டரில் கேட்டார்கள். டெனிட்டா வாயைத் திறந்தாள். "எங்க குடும்பத்துல யாருக்கும் உதவி வேண்டாம்" என்று நான் முந்திக்கொண்டேன்.

பாதுகாப்பு அதிகாரி வந்தாள். வெஸ்னா என்று மார்பில் பெயர்ப்பட்டை. அவளுக்குப் பின்னால் நடைவழி ஊதாச் சட்டைகளால் நிறைந்துவிட்டது. அதற்கும் பின்னால் யார் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"மேல் தளத்திலிருந்து ஏதோ விழுந்ததை ஒரு பயணி பாத்திருக்காரு" என்றாள். "ஆளா பொருளான்னு அவருக்கே உறுதியில்ல. கேமராவைப் பாத்துட்டிருக்காங்க. மேடம், உங்க தம்பி குடிப்பாரா?"

"அவன் டீக்கன்."

"சமீபத்துல மனசு உடைஞ்ச மாதிரி ஏதாவது?"

அவள் கேட்பது என்னவென்று புரிந்ததும் இடைமறித்தேன். "எங்க வீட்டுல யாரும் அந்த மாதிரி செய்யமாட்டாங்க."

"நான் குத்தம் சொல்லல மேடம். அவர் எப்படிப்பட்டவர்னு தெரிஞ்சாத்தான் எங்க தேடறதுன்னு முடிவு பண்ணலாம். கடல்லயா, கப்பல்லயா. ரெண்டுலயும் சரியாத் தேட எங்ககிட்ட ஆள் பத்தாது."

"அத்தை" என்றாள் டெனிட்டா. என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். பெர்னிஸ் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்தது டெட்ராய்ட் முழுக்க விழும்.

அவளைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அலமாரிப் பக்கம் திரும்பினேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு ஹாங்கர் வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு இல்லை. கீழே பார்த்தேன். கறுப்பு ஷூவும் இல்லை.

அப்பா எங்களை மூன்று முறைதான் கூப்பிடுவார். மூன்றாவது முறைக்குள் முகம் கழுவி, பொத்தான் போட்டு, ஷூவோடு அவர் முன்னால் நிற்க வேண்டும். நான்காவது முறை வாய் பேசாது, பெல்ட்தான் பேசும்.

யாரோ மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். என் தம்பி எழுந்து பால்கனியில் நின்று பார்த்திருக்கிறான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டு போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறான்.

"அவன் குதிக்கல" என்றேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று மறுபடி சொன்னேன். "அவன் விழவும் இல்ல, குதிக்கவும் இல்ல. என் தம்பிக்கு ஞாபகம் தப்பிப்போகுது. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போன எங்க அப்பா கூப்பிடறாருன்னு நினைச்சுப் போயிருக்கான். இந்தக் கப்பல்ல அவனுக்கு வழி தெரியாது. எந்தக் கதவு திறந்திருந்தாலும் நுழைஞ்சிடுவான். எந்தக் கம்பிமேலயும் ஏறிடுவான். கப்பல்ல தேடுங்க."

பெர்னிஸ்தான் கேட்டாள். "எத்தனை நாளா, வெர்லீன்?"

"போன டிசம்பர்லேர்ந்து."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எங்க ஹேரல்டுக்கு மூணு வருஷமா" என்றாள். அவள் கணவன் எப்போதும் ஏன் அவள் கையைப் பிடித்தபடியே நடக்கிறான் என்று நாங்கள் கேலி பேசியிருக்கிறோம்.

வெஸ்னா கையிலிருந்த கருவியில் வேகமாகப் பேசினாள். பிறகு என்னிடம், "உங்க குரலுக்கு வருவாரா?"

"என் குரலுக்கு வருவான்."

"ஒலிபெருக்கியில நீங்களே பேசுங்க. ஆனா ஆஸ்கர்னு மட்டும் சொல்லக்கூடாது. எங்க ஆளுங்க இன்னொருத்தர் விழுந்துட்டார்னு நினைப்பாங்க. அவருக்கு வேற பேரு ஏதாவது இருக்கா?"

இருந்தது. பிறந்தபோது அம்மாவின் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டான் என்று வைத்த பெயர். அவன் டீக்கனான நாளோடு அந்தப் பெயரை வீட்டுக்குள்ளும் சொல்லக்கூடாது என்று தடை போட்டவள் நான்தான்.

நடைவழிச் சுவரில் இருந்த ஒரு சின்னக் கதவைத் திறந்து, போனை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"வேர்க்கடலை" என்றேன். என் குரல் தலைக்கு மேலிருந்து எனக்கே திரும்பி வந்தது. எங்கோ தூரத்தில் யாரோ சிரித்தார்கள். "வேர்க்கடலை, அக்கா பேசறேன். அப்பா உன்னைக் கூப்பிடல. நீ எங்க இருக்கியோ அங்கயே உக்காரு. பக்கத்துல யாரு இருந்தாலும், என் பேரு வேர்க்கடலைன்னு சொல்லு. வெட்கப்படாத. அக்கா வர்றேன்."

போனை வைத்தேன். காத்திருந்தோம். ரோடெல் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு டெனிட்டாவின் தோளைப் பிடித்திருந்தான். திறந்த பால்கனி வழியாக நான் அந்தப் படகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஓரிடத்தில் நின்றது. ஒருவன் குனிந்து தண்ணீரில் எதையோ கொக்கியால் இழுத்தான். நான் நினைத்தது தப்பாக இருந்தால், அவன் இழுப்பது என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. கொக்கியில் வந்தது ஒரு வெள்ளை நாற்காலி மெத்தை. அதைப் படகில் எறிந்துவிட்டு மறுபடி தேடத் தொடங்கினார்கள்.

வெஸ்னாவின் கருவி கரகரத்தது. "ரெண்டாம் தளம். சிப்பந்திகள் சாப்பிடற இடம். இங்க ஒருத்தர் கோட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. வேர்க்கடலைன்னு சொல்றாரு."

டெனிட்டா என்னைக் கட்டிக்கொண்டாள். பின்னால் கைதட்டல் எழுந்தது.

"சத்தம் போடாதீங்க" என்றேன். "வெளிய இன்னும் தேடிக்கிட்டிருக்காங்க."

அவனைக் கூட்டி வந்தார்கள். கோட்டுப் பொத்தான் எல்லாம் சரியாகப் போட்டிருந்தான். தொப்பியைக் கையில் வைத்திருந்தான். ஷூ நாடாக்கள் மட்டும் தரையில் இழுபட்டு வந்தன.

"தப்பாயிடுச்சுக்கா" என்றான். "மூணாவது தடவைக்குள்ள போக முடியல. முடிச்சு போட வரல."

"பரவால்லடா."

"எதிர்ல ஓடி வந்த ஒரு பையன்கிட்ட நான்தான் ஆஸ்கர்னு சொன்னேன். அவன், தெரியும் ஐயா, நாங்க எல்லாரும் ஆஸ்கருக்குத்தான் ஓடறோம், நீங்க அந்தப் பக்கமா உள்ள போங்கன்னுட்டான். அடுத்தவன்கிட்டயும் சொன்னேன். அவனும் அதையேதான் சொன்னான்."

ரோடெல் சிரிக்கத் தொடங்கிக் கையால் முகத்தை மூடிக்கொண்டான். அவன் அழுகிறான் என்று பிறகுதான் தெரிந்தது.

அத்தனை பேர் நிற்கிற நடைவழியில் நான் முட்டி போட்டு உட்கார்ந்தேன். என் முட்டிகள் அதற்கு இடம் கொடுத்து வெகுநாளாகிறது. அவன் ஒரு கையை என் தலைமேல் ஊன்றிக்கொண்டான். முதல் நாடாவுக்கு இரட்டை முடிச்சு போட்டேன்.

கப்பல் மறுபடி திரும்பியது. வெயில் எங்களைக் கடந்து சுவரில் ஏறியது.

"அக்கா" என்றான் ஆஸ்கர், திறந்த கதவு வழியாகக் கடலைப் பார்த்தபடி. "அப்ப யாரைத்தான் கூப்பிட்டாங்க?"

தெரியாது என்று சொன்னேன். இரண்டாவது நாடாவை எடுத்து இன்னும் இறுக்கிக் கட்டினேன்.