இரண்டை அழுத்தியவர்கள்

குரல்பதிவுக்காக மின்விசிறியை நிறுத்தியதும் பதிவேட்டு அறை அவியத் தொடங்கியது. வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கைக்குள் இருந்த அந்தத் தனியார் மருத்துவ நிலையத்தில், சத்தம் குறைந்த இடமென்று தேடினால் அந்த ஓர் அறைதான். அதற்குள்ளும் கரையோர ரயில் விடாமல் வந்து கூவிவிட்டுப் போனது. மூன்று தடவை நல்லாக வாசித்து முடிக்கிற நேரத்தில் மூன்று தடவையும் ரயில். சுபோதினி கையிலிருந்த தாளால் விசிறிக்கொண்டு, "இந்த ரயிலுக்கு என்னோட என்ன கோபமோ தெரியேல்லை" என்றாள்.

வரவேற்புப் பகுதி முழுவதற்கும் அவள்தான் பொறுப்பு. வயது நாற்பத்திரண்டு. கொட்டாஞ்சேனையில் அவள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் திருவிழா என்றால் ஒலிபெருக்கி அவள் கையில்தான் இருக்கும். குரல் அப்படி. ஆகவே நிலையத்துக்குத் தானியங்கித் தொலைபேசி வருகிறது என்றதும், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஆர் பேசுவது என்ற கேள்வியே எழவில்லை. சிங்களத்துக்கு வரவேற்பு மேசைப் பெண் ஒருத்தி காலையிலேயே பேசிக் கொடுத்துவிட்டாள்.

"அக்கா, கொஞ்சம் சிரிச்சுக்கொண்டு வாசியுங்கோ. சிரிச்சா அது போன்லயும் கேக்கும்" என்றான் ஜனா. தொலைபேசிக் கம்பனியிலிருந்து வந்து இதையெல்லாம் பொருத்திப் பூட்டுகிறவன் அவன்.

சுபோதினி சிரித்த முகத்தோடு வாசித்தாள். 'தமிழுக்கு இலக்கம் இரண்டை அழுத்தவும். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து இணைப்பிலேயே இருங்கள். துண்டித்தால் வரிசையில் உங்கள் இடம் போய்விடும்.' ஒரு பிழை இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. இந்தத் தடவை ரயிலும் இல்லை. ஜனா பெருவிரலைத் தூக்கிக் காட்டினான்.

மனேஜர் ராகுலன் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "அந்த மாதிரி இருக்கு, நல்ல வடிவு!" என்றார்.

"சேர், சிங்களத்துக்கு ஒண்டை அமத்தினா வரவேற்பு மேசைக்குப் போகும். இங்கிலிசுக்கு மூண்டு, அதுவும் அங்கதான். இரண்டை எங்க விடுறது?" என்று ஜனா கேட்டான்.

வரவேற்பு மேசையில் இருந்த இரண்டு பிள்ளைகளுக்கும் தமிழ் தெரியாது. ராகுலன் சுற்றிப் பார்த்தார். அந்த அறையிலேயே, இரும்பு அலுமாரிக்கு மேல் ஒரு தொலைபேசி தூசி படிந்து கிடந்தது. பதினெட்டாம் இலக்க இணைப்பு.

"இப்போதைக்கு இதுக்கு விடும். தமிழுக்கு ஆள் எடுத்த பிறகு மாத்துவம்."

"இங்க ஒருத்தரும் இல்லையே, சேர்?"

"ஐசே, வெள்ளவத்தையில ஆர் தமிழுக்கு அமத்துறது? எங்கட சனம் எல்லாம் மூண்டைத்தான் அமத்தும். ஆனா தமிழ் இருக்கெண்டு சொல்ல இருக்கவேணும், இல்லாட்டி மரியாதை இல்லை."

சுபோதினி அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். பிழையென்று அவளுக்குப் படவே இல்லை. வங்கிக்கு எடுத்தாலும் மின்சார சபைக்கு எடுத்தாலும் அவளும் கண்ணை மூடிக்கொண்டு மூன்றை அமத்துகிறவள்தானே! நாலு பேர் முன்னால் போனில் தமிழ் கதைத்தால் ஏதோ குறைந்துபோகும் என்ற எண்ணம், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், அந்த ஒழுங்கைகளில் பலருக்கு உண்டு. ஜனா எல்லாம் சரியா என்று சோதித்தபோதும் அவர்கள் ஒன்றையும் மூன்றையும்தான் அமத்திப் பார்த்தார்கள். இரண்டை அமத்திப் பார்க்க அங்கு நின்ற மூன்று தமிழருக்கும் தோன்றவில்லை.

அடுத்த இரண்டு கிழமையும் அவளுக்கு ஒரே பாராட்டு. மச்சாள் யதுஷா எடுத்துச் சொன்னாள்: "உங்கட குரலைக் கேக்கவெண்டே இரண்டை அமத்தினனான், மச்சாள். என்ன வடிவான குரல்! பிறகு வெட்டிப்போட்டு மூண்டை அமத்தித்தான் டொக்டருக்கு நம்பர் எடுத்தனான்." சுபோதினிக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஏன் வெட்டினாய், ஆர் எடுத்தது என்று ஒரு வார்த்தை கேட்டாளா? இல்லை. பாராட்டு வருகிற நேரத்தில் ஆர்தான் கேள்வி கேட்பார்கள்!

பதினேழாம் நாள் காலை பத்து மணிக்கு, பைறோஸா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மாளிகாவத்தைத் தொடர்மாடியில் குடியிருப்பவள். அவளுக்குப் பின்னால் கணவன் சஜீத், மூக்கில் துவாயைப் பொத்தியபடி. வெள்ளைத் துவாய் பாதிக்கு மேல் சிவந்திருந்தது. அவனுக்கு இருதய வால்வு மாற்றிய உடம்பு. இரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை போட்டாகவேண்டும். மாத்திரை குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. மாதம் ஒருமுறை இரத்தம் கொடுத்துவிட்டு, மறுநாள் தொலைபேசியில் எடுத்து எத்தனை போடுவதென்று கேட்கவேண்டும். 'முடிவுக்கு நேரில் வரவேண்டாம், அழைக்கவும்' என்று நிலையத்தின் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது.

"மிஸ், மூணு நாளா எடுக்கிறேன். காலையிலயும் எடுத்தேன், அசர் தொழுகைக்குப் பொறகு பின்னேரமும் எடுத்தேன். ஒருத்தரும் எடுக்கிற இல்ல. இவரு பழைய கணக்குக்கே குளிசையப் போட்டுக்கொண்டு இரிக்காரு. விடியச் சுபஹுல இருந்து மூக்கால ரெத்தம் நிக்கிற இல்ல."

"போன் எப்பவும் வேலை செய்யுதே" என்றாள் சுபோதினி. பழகிய பதில் தானாகவே வந்துவிட்டது. "கொஞ்சம் இருங்கோ, பாத்துச் சொல்லுறன்."

பைறோஸா கைப்பேசியை எடுத்து, எண்ணை அழுத்தி, இரண்டை அமத்தி, சத்தமாகக் கேட்க வைத்து மேசையில் வைத்தாள். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்றது கைப்பேசி. எவ்வளவு இனிமை, எவ்வளவு சிரிப்பு! பின்னால், எங்கோ மூடிய அறைக்குள், ஒரு மணி மெல்ல அடித்துக்கொண்டே இருந்தது. பைறோஸா கைப்பேசியைப் பார்த்தாள். பிறகு சுபோதினியின் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கதானே இது? இருங்க இருங்க எண்டு மூணு நாளாச் சொன்னது நீங்கதானே?"

சுபோதினி கையை நீட்டிக் கைப்பேசியை நிறுத்தினாள். வெட்கம் என்றால் இப்படி உடம்பெல்லாம் சுடும் என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது.

"சிங்களம் தெரியாதா உங்களுக்கு?" என்று பின்னாலிருந்து கேட்டார் அப்போதுதான் வந்த ராகுலன்.

"ஏன் தெரியாது? சந்தையில மீன்காரனோட சண்டை பிடிக்கிற அளவுக்குத் தெரியும், சேர். ஆனா இது என்ட மாப்புளட உசிரு விஷயம். குளிசைய அரையாப் போடுறதா முழுசாப் போடுறதா எண்டு பிழையா வெளங்கிட்டா என்ன செய்ற? தமிழ் இல்லயெண்டு சொல்லியிருந்தா தட்டித் தடவி சிங்களத்துலயாவது கேட்டிருப்பேன். நீங்க இரிக்கி எண்டு சொன்னீங்க. வெட்டினா இடம் போயிடும் எண்டும் சொன்னீங்க. அத நம்பித்தானே நிண்டேன்!"

அதற்குமேல் சுபோதினி ஒரு நொடி நிற்கவில்லை. சஜீத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு, வரிசையில் இருந்த அத்தனை பேரையும் தாண்டி டொக்டரின் அறைக்குள் போனாள். முடிவு மூன்று நாளாகக் கோப்பிலேயே இருந்தது. 'அளவு மிக அதிகம். மாத்திரையை உடனே நிறுத்தவும்' என்று டொக்டர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். அழைப்பு வந்தால் சொல்வதற்காக எழுதியது. ஊசி போட்டு, அம்புலன்ஸில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சுபோதினியும் ஏறிக்கொண்டாள். வழி நெடுக பைறோஸாவின் கையைப் பிடித்தபடி இருந்தாள். பின்னேரம் நாலு மணிபோல இரத்தம் நின்றது. தலைக்குள் கசிந்திருந்தால் கதை வேறு என்று அங்கே சொன்னார்கள்.

மறுநாள் காலை ராகுலன் ஜனாவைப் பதிவேட்டு அறைக்குக் கூப்பிட்டிருந்தார். "வீண் பிரச்சினை. அந்தத் தமிழ் பட்டனை எடுத்துவிடும். ஒருத்தரும் அமத்திறதும் இல்லை" என்றார்.

"எத்தனை பேர் அமத்தினவை எண்டு பாக்கலாமோ, ஜனா?" என்று சுபோதினி கேட்டாள்.

பார்க்கலாம். எல்லாம் இயந்திரத்தில் பதிவாகியிருக்கும். ஜனா மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். பதினேழு நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு அழைப்பு. வத்தளை, கொலன்னாவை, கொட்டாஞ்சேனை என்று எங்கெங்கிருந்தோ எடுத்திருப்பார்கள். ஒருவர் இருபத்தாறு நிமிடம் காத்திருந்திருக்கிறார். எடுத்துப் பேசப்பட்டவை என்ற இடத்தில் சைபர் இருந்தது.

ராகுலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கண்ணுக்கு முன்னால் தெரிகிறவர்களை மட்டும் எண்ணிப் பழகிப்போன மனிதர். "அப்ப என்ன செய்வம்? குரலை மாத்திப் போடுவமோ? மன்னிக்கவும் எண்டு ஒரு வசனம் சேத்து?"

சுபோதினி எழுந்தாள். கோயில் ஒலிபெருக்கியில் பேசுகிறபோது வருகிற அதே நிமிர்வு அவளுக்கு வந்தது.

"வசனம் போதும், சேர். இண்டையில இருந்து அந்தத் தமிழ் லைன் என்ர மேசைக்கு வரும். நான் இல்லாத நேரத்துக்கு தமிழ் தெரிஞ்ச ஒராளை இந்த மாதத்துக்குள்ள எடுக்கவேணும். அதுவரைக்கும் ஆள் இல்லாத நேரம், ஆள் இல்லை, ஒண்டை அமத்துங்கோ எண்டு உண்மையைச் சொல்லிப் பதிஞ்சு போடுறன். அந்த இருநூற்றுப் பன்னிரண்டு அழைப்புக்கும் நானே திருப்பி எடுக்கிறன். இதில எதுவும் ஏலாதெண்டால், என்ர குரலை முழுக்க அழிச்சுப்போடுங்கோ. பொய் சொல்ல நான் குரல் தரமாட்டன்."

ராகுலன் ஜனாவைப் பார்த்தார். ஜனா ஏற்கெனவே அந்தப் பதினெட்டாம் இலக்கத் தொலைபேசியின் வயரைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"செய்யும்" என்றார் ராகுலன், தணிந்த குரலில்.

அன்று மத்தியானத்துக்குள் சுபோதினி முப்பத்தொரு பேரோடு கதைத்துவிட்டாள். சிலர் ஏசினார்கள், சிலர் வேறு இடத்தில் மருந்தெடுத்துவிட்டார்கள், ஒரு பெண் நம்பாமல் இரண்டு தரம் பெயரைக் கேட்டாள். வரவேற்பு மேசைப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராகுலன் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"இவ்வளவு பேரும் எங்க இருந்தவை, சுபோதினி? எனக்குத் தெரியவே இல்லையே."

"இவ்வளவு நாளும் லைன்லதான் நிண்டவை, சேர். ஒரு மொழியில வாங்கோ எண்டு கூப்பிட்டா, அந்த மொழியில பதில் சொல்ல ஒரு மனுசர் இருக்கவேணும். ஏலாட்டி, ஏலாதெண்டு முகத்துக்கு நேரே சொல்லவேணும். சனம் வேற வழியாவது பாக்கும். கூப்பிட்டுப்போட்டுக் காக்க வைக்கிறது மரியாதை இல்லை, சேர். அது ஏமாத்து. அதில ஒரு உயிர் போகப் பாத்தது" என்று சொல்லிவிட்டு, முப்பத்திரண்டாவது எண்ணை அழுத்தினாள்.