மீன் குழம்பு வைத்த நாட்கள்

“கணக்கு ரூமுல உனக்கு என்னம்மா வேல?”

“கஸ்தூரியக்கா கம்ப்யூட்டர்ல லைன் அறுந்து அறுந்து போகுதாம் அண்ணி. நான் ஒரு தடவ பாக்கட்டுமா? ஜேபி கம்பெனியில நான் பாத்த வேலையே அதுதான்.”

“வெளி ஆளுங்கள நாங்க கணக்குப் பக்கம் விடறதில்ல. அப்பா காலத்துலேருந்து அப்படித்தான்.”

“நான் வெளி ஆளா அண்ணி?”

“கையில மருதாணி இன்னும் அழியல. கோவிச்சுக்காத. சாமி மேடையத் தொடச்சு வெச்சிட்டு வீட்டுக்குப் போ.”

இந்தப் பேச்சு நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. லோஷினிக்கு அதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை. ஆனால் அவளைச் சுட்டது நாத்தனார் புஷ்பவள்ளி அண்ணியின் சொல் அல்ல. பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த ரூபேந்திரன், தாலி கட்டிய கணவன், அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சுருட்டி முடித்ததும் பிரித்தான். மறுபடியும் சுருட்டினான். வாயை மட்டும் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, “அக்கா அப்படித்தான் லா, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாங்க” என்று சொல்லி அவள் தலையைத் தடவினான். அவன் நல்லவன்தான். தாய் இறந்தபோது அவன் சின்னப் பையன். அக்காதான் தனக்கென்று ஒரு கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளாமல் அவனை வளர்த்தாள், படிக்கவைத்தாள். அது லோஷினிக்குத் தெரியும். அதனால்தான் அவனிடம் கேட்க நினைத்த ஒன்றே ஒன்றைக் கேட்காமலே இருந்தாள். எத்தனையோ முறை அது தொண்டைவரை வந்தது. கேட்டு, அவன் அப்போதும் நாடாவைச் சுருட்டினால்? அதற்குப் பிறகு இந்த வீட்டில் தனக்கு என்ன மிச்சம் இருக்கும் என்ற பயம் அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும்.

மலேசியாவின் பத்து பாகாட் ஊரில் வீரமுத்து யூனிஃபார்ம் கடையைத் தெரியாத பெற்றோர் குறைவு. வீரமுத்து போன பிறகு கடை மகள் புஷ்பவள்ளியின் கைக்கு வந்தது. மாடியில் அவள் அறை. கணக்கு மென்பொருள் இருக்கும் தாய்க் கணினி அங்கேதான். கீழே கல்லாவில் கஸ்தூரியின் கணினி. அது மேலே இருக்கும் கணக்கை வயர் வழியாகத் திறந்து பில் போடும். இரண்டுக்கும் நடுவில், கடையின் பின்னறையில், சாமி மேடையும் சாப்பாட்டு மேசையும். கடையில் இருப்பவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்துக் கொண்டுவந்து வைப்பது லோஷினியின் வேலை. கணக்கைத் தொடக் கூடாது, கரண்டியைத் தொடலாம்.

லைன் அறுவது என்றால் கஸ்தூரிக்கு நரகம். பெரிய ஆர்டர் ஒன்றை வரிசையாக அடித்துக்கொண்டிருப்பாள். சட்டை, பாவாடை, அளவு, நிறம். திடீரென்று திரை உறையும். ‘கணக்குடன் இணைப்பு இல்லை’ என்று ஒரு பெட்டி எழும். அடித்தது எல்லாம் போச்சு. அலமாக் என்று தலையில் கைவைத்து அவள் மேலே கீழே ஓடி முடிப்பதற்குள் லைன் திரும்ப வந்துவிடும். சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு புஷ்பவள்ளி வந்து பார்த்து, இப்போது நன்றாகத்தானே இருக்கிறது என்பாள்.

மென்பொருள் கம்பெனிக்குப் போன் போட்டார்கள். தாய்க் கணினி தூங்கப் போகிறதா, வைரஸ் தடுப்பு வழியை மறிக்கிறதா, வயர் தளர்ந்திருக்கிறதா என்று அவர்கள் வரிசையாகக் கேட்டார்கள். அதே கேள்விகளை அதே வரிசையில் கல்யாணத்துக்கு முன் ஜொகூர் பாரு கம்பெனியில் உட்கார்ந்து போனில் ஊரெல்லாம் கேட்டவள்தான் லோஷினி. குழம்புச் சட்டியை இறக்கிவைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கல்லாவில் வயரின் முனையை மாற்றினார்கள். கஸ்தூரியின் கணினியையே மாற்றினார்கள். லைன் அறுந்துகொண்டேதான் இருந்தது.

காரணம் அவளுக்குத் தெரியவந்தது புரட்டாசியில். சரஸ்வதி பூஜைக்கு மேடையைக் கழுவச் சொல்லியிருந்தார்கள். முருகன் படத்தை நகர்த்தியபோது பின்னால் பச்சைப் பச்சையாய் மினுக்கிக்கொண்டு ஒரு சின்னப் பெட்டி. மாடியிலிருந்து வரும் வயரும் கல்லாவுக்குப் போகும் வயரும் அதில்தான் கூடின. கடையைப் புதுப்பித்தபோது வந்த வயர்மேன், பக்கத்தில் வேறு பிளக் இல்லை என்று அதை அங்கே ஒளித்துவைத்திருக்கிறான். அந்தப் பெட்டியும் சாமி விளக்கும் ஒரே சுவிட்சில் எரிந்தன. துணிக்கடையில் நெருப்பு வேண்டாம் என்று வீரமுத்து வைத்த மின்விளக்கு அது.

வீரமுத்து வைத்த இன்னொரு பழக்கமும் உண்டு. மேசையில் மீனோ கறியோ வந்தால் சாமி பார்க்கக் கூடாது. மேடைக்குத் திரை போட்டு, விளக்கை அணைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். சாப்பிட்டு மேசையைத் துடைத்த பிறகு திரையை விலக்கி விளக்கைப் போட வேண்டும். அந்த நாட்களில் இதைத் தன் கையாலேயே பக்தியோடு செய்வது புஷ்பவள்ளி.

வெள்ளிக்கிழமைகளில் சைவம், வெள்ளிக்கிழமைகளில் லைன் அறுந்ததே இல்லை. புரட்டாசி முழுக்கச் சைவம். அந்த மாதம் முழுக்க அறவில்லை. எல்லாம் பெருமாள் அருள் என்று புஷ்பவள்ளி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். துணியைப் பிழிந்துகொண்டிருந்த லோஷினி நிமிரவில்லை. வெளி ஆளுக்கு எதற்கு வம்பு?

ஐப்பசி பிறந்தது. அன்று தொடங்கினாள் லோஷினி.

அவள் கையில் இப்போது ஒரு சுவிட்ச் இருந்தது. அடுப்புதான் அந்தச் சுவிட்ச். அண்ணி முகம் கொடுத்துப் பேசிய நாளில் சாம்பாரும் உருளைக்கிழங்கும்; லைன் கல்லுப்போல் நிற்கும். மேசைக்கு வந்ததும் வராததுமாய் உப்பில் குறை சொன்னால் மறுநாள் வாவல் மீன் குழம்பு. பெரிய பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வருகிறார்கள் என்று அண்ணி புதுச் சேலை கட்டிக்கொண்டால், மெர்சிங் கடற்கரையிலிருந்து வந்த இறாலில் காரச் சம்பல். முன்னறையிலிருந்து கஸ்தூரியின் முனகல் கேட்கும்போது, “இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க அண்ணி” என்று கரண்டியை நீட்டுவாள். புஷ்பவள்ளி வழித்துச் சாப்பிடுவாள். லாயாங் லாயாங் ஊர்ப் பொண்ணுக்குச் சமையல் மட்டும் நல்லா வருது என்று தம்பியிடம் சொல்லுவாள். அந்த ‘மட்டும்’ அடுத்த நாளுக்கு ஆட்டுக்கறியாகும்.

லோஷினிக்கு அது இனித்தது. பொய் சொல்வானேன், ரொம்ப இனித்தது. வாங்கி வரும்போதே மீனின் கண்ணைப் பார்த்துச் சிரிப்பாள். எதையும் அவள் உடைக்கவில்லை, பிடுங்கவில்லை, ஒரு வயரைத் தொடவும் இல்லை. கட்டிய கணவன் அன்று வாயைத் திறக்காமல் நின்றானே, அதையேதான் அவளும் செய்தாள். சும்மா இருந்தாள்.

பள்ளி திறக்கும் காலம் நெருங்கியதும் கடையில் கூட்டம் நெரித்தது. லைன் அறுந்த கோபம் முழுக்கக் கஸ்தூரியின் தலையில் இறங்கியது. கவனமில்லாமல் எதையோ அமுக்குகிறாள், காலால் வயரை உதைக்கிறாள் என்று புஷ்பவள்ளி கடையில் ஆள் இருக்கும்போதே சொன்னாள். ஒரு வெள்ளிக்கிழமை அவளை எழுப்பிவிட்டுத் தானே கல்லாவில் உட்கார்ந்தாள். அன்று மேசையில் வெண்டைக்காய் புளிக்குழம்பு. சாயங்காலம்வரை ஒரு தடவைகூட லைன் அறவில்லை. கணினியில் குறையில்லை, உட்கார்ந்த ஆளில்தான் குறை என்று தீர்ப்பாயிற்று. மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டாள்.

கஸ்தூரி பின்னறைக்கு வந்து லோஷினியின் தோளில் சாய்ந்து அழுதாள். இந்தக் கடையில் லோஷினிக்கு வந்த முதல் நாளே நாற்காலி இழுத்துப் போட்டவள் அவள். நனைந்த தோளோடு லோஷினி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தான் வைத்த குழம்பெல்லாம் யார் தட்டில் போய் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஆனால் மனம் இளகவில்லை. இன்னும் இறுகியது.

“அழாதீங்கக்கா. நாளைக்கும் அவங்களையே கல்லாவுல உக்காரச் சொல்லுங்க,” என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. உள்ளதிலேயே பெரிய நண்டாகப் பார்த்து வாங்கினாள்.

கடைக்குப் போனபோது புஷ்பவள்ளி கல்லாவில்தான் இருந்தாள். எதிரே ஒரு பள்ளியின் ஆசிரியை. மாணவத் தலைவர்கள் அனைவருக்குமான ஆர்டர். பெயர் பெயராக, அளவு அளவாக, புஷ்பவள்ளி ஒரு விரலால் அடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் பெற்றோர் வரிசை வாசல்வரை. கஸ்தூரி ஓரமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ரூபேந்திரன் ஒரு பையனுக்கு இடுப்பளவு எடுத்துக்கொண்டிருந்தான்.

லோஷினி கேரியரை இறக்கிவைத்துவிட்டுப் பின்னறை வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

“அண்ணி, இன்னைக்கு நண்டு. சாமிக்குத் திரை போட்டுரட்டுமா?”

“இதையெல்லாம் கேக்கணுமா? போட்டுட்டு வெளக்க அணைச்சிரு.”

லோஷினி திரையை இழுத்தாள். சுவிட்சைத் தட்டினாள்.

முன்னறையில் ஒரு விரல் தட்டுவது நின்றது. பிறகு வேகமாகத் தட்டியது. பிறகு, “என்ன இது, என்ன இது” என்று புஷ்பவள்ளியின் குரல். இத்தனை நேரம் அடித்தது எங்கே என்று கேட்டாள். கஸ்தூரி மடித்த துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நான் பக்கத்திலேயே வரவில்லை அக்கா என்று மெல்லச் சொன்னாள். ஆசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

லோஷினி விளக்கைப் போட்டாள். சற்றுப் பொறுத்து, வந்துவிட்டது என்றாள் புஷ்பவள்ளி. லோஷினி அணைத்தாள். மறுபடியும் போய்விட்டது என்றாள் அண்ணி. வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பிறகு லோஷினி திரையை விலக்கி, முருகன் படத்தை நகர்த்தி, எல்லாரையும் வந்து பார்க்கச் சொன்னாள். பெட்டியைக் காட்டினாள், இரண்டு வயரையும் காட்டினாள், ஒற்றைச் சுவிட்சைக் காட்டினாள். வெள்ளிக்கிழமைகளைச் சொன்னாள், புரட்டாசியைச் சொன்னாள். இத்தனை நாளும் லைனை அறுத்தது எந்தக் கை என்று சொல்லவில்லை. அந்தக் கைக்குச் சொந்தக்காரியே அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெட்டியை வேறு பிளக்கில் மாட்டினால் முடிந்தது, கஸ்தூரியக்காவை அனுப்ப வேண்டியதில்லை என்று லோஷினி முடித்தாள்.

புஷ்பவள்ளியின் பார்வை பெட்டியிலிருந்து கேரியருக்குப் போனது. கேரியரிலிருந்து லோஷினிக்கு வந்தது.

“புரட்டாசியிலேயே தெரியுமா உனக்கு?”

“தெரியும் அண்ணி.”

“அப்போ மீனும் கறியுமா எடுத்து எடுத்து வெச்சது வேணும்னுதானா?”

“நீங்க விரும்பிச் சாப்பிட்டீங்களே அண்ணி.”

வரிசையில் இருந்தவர்கள் அட்டைப்பெட்டிகளைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்கள். புஷ்பவள்ளியின் முகம் நண்டு நிறத்துக்கு வந்தது. லோஷினி அந்த முகத்தை ஒரு வருஷமாக மனத்துக்குள் வரைந்து பார்த்திருக்கிறாள். வரைந்ததைவிட நன்றாகவே இருந்தது.

“தெரிஞ்சும் ஏன்டி வாயத் தொறக்கல?”

“நான்தான் வெளி ஆளாச்சே.”

புஷ்பவள்ளி தம்பியின் பக்கம் திரும்பினாள். “கேட்டியாடா? நான் அன்னைக்கே சொன்னேன். வெளி ஆள உள்ள விட்டா இப்படித்தான். இப்போ என்ன சொல்ற?”

எல்லாரும் ரூபேந்திரனைப் பார்த்தார்கள். அவன் அக்காவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கை தானாக இறக்கியது. ஒரு முனையை விரலில் சுற்றியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

இனித்தது எல்லாம் லோஷினியின் நாக்கில் சட்டென்று கசந்தது. இத்தனை மீனும் இத்தனை கறியும் அண்ணிக்காக அல்ல, இவனுக்காகத்தான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கேட்காமல் வைத்திருந்த கேள்வி மேலே வந்தது. இந்த முறை அவள் அதை உள்ளே தள்ளவில்லை. நடந்துபோய் அவன் கையிலிருந்த நாடாவை மெல்ல உருவி மேசைமேல் வைத்தாள்.

“நான் வெளி ஆளா இல்லையான்னு நீங்க சொல்லுங்க. உங்க அக்கா முன்னால, உங்க வாயால சொல்லுங்க.”