பெரிசும் சின்னதும் வார்டுக்கு வந்தபோது

எங்கள் குடும்பத்தில் யாரும் சிபாரிசில் ஒரு வேலையோ ஒரு நாற்காலியோ வாங்கியதில்லை. என் அப்பா அப்படி இருந்தார். நில அளவை அலுவலகத்தில் நான் பொறுப்பில் இருந்த காலம் முழுவதும் அப்படித்தான் இருந்தேன். ஆகவே, என் மருமகள் வேலை பார்க்கும் மருத்துவமனையில் நர்ஸுகளுக்குக் கைக்கருவி வாங்கப் போகிறார்கள், அதை விற்க வந்திருக்கும் இருவரில் ஒருவர் என் மகளின் மாமனார் என்று தெரிந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மருமகள் அங்கே நர்ஸுகளுக்கெல்லாம் தலைவி. காய்ச்சல், ரத்த அழுத்தம், கொடுத்த மருந்து எல்லாவற்றையும் கட்டிலருகிலேயே பதிந்துகொள்ளும் கருவி வேண்டும் என்று நிர்வாகத்தோடு நெடுநாள் மல்லுக்கட்டியவள் அவள்தான். அதுவரை அங்கிருந்த நர்ஸுகள் அளந்ததையெல்லாம் கட்டுப்போடும் பிளாஸ்திரித் துண்டில் எழுதி, அதை உடுப்பின் தொடைப் பக்கம் ஒட்டிக்கொண்டு அலைவார்கள். பிறகு மேசைக்குப் போய்ப் பெரிய ஏட்டில் ஏற்றுவார்கள். ஒருமுறை ஒருவருடைய ரத்த அழுத்தம், பார்க்க வந்த உறவினரின் சட்டையில் ஒட்டிக்கொண்டு பேருந்து ஏறிப் போய்விட்டதாம்.

"யார் வித்தா என்ன மாமா, நல்லதா இருந்தா வாங்க வேண்டியதுதானே" என்றாள் மருமகள், தட்டில் பரிமாறிக்கொண்டே.

"நல்லதாவே இருக்கட்டும். வெளியில என்ன பேசுவாங்க? மருமக கையெழுத்து, சம்பந்திக்கு வியாபாரம்னு பேசுவாங்க. நம்ம வீட்டுப் பேரு என்ன ஆகுறது?"

"ரெண்டையும் வார்டுல கொடுத்துப் பார்க்கப் போறோம். செஞ்ச கம்பெனிப் பேரு மேல பிளாஸ்திரி ஒட்டிட்டேன். நர்ஸுங்களுக்கு எது யாரோடதுன்னே தெரியாது. உங்களுக்கு மட்டும் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நான் கேட்கவும் மாட்டேன். கேட்டாலே அது ஒரு கறை."

என் மனைவி மோர்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "இவருகிட்ட யாரும்மா கேட்டா" என்றாள் மருமகளிடம்.

அந்த நேரம் பார்த்து என் முழங்கால் மக்கர் பண்ணியது. மாற்று மூட்டு வைத்தே ஆகவேண்டும் என்றார் மருத்துவர். மருமகள் இருக்கும் மருத்துவமனை வேண்டாம், சலுகை வாங்கினேன் என்று பேச்சு வரும் என்று சொல்லிப் பார்த்தேன். "முழங்காலுக்கு ஏதுங்க கௌரவம்" என்று கேட்டுவிட்டு, பெட்டியில் என் துணிகளை அடுக்கிவிட்டாள் மனைவி.

அறுவை முடிந்து ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தேன். அதுதான் கருவிகளைப் பரீட்சிக்கும் வார்டு என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பேருந்து ஓட்டுநர், இடுப்பில் கட்டோடு. எங்கள் பக்கம் பகல் வேளை பார்த்த நர்ஸை எல்லோரும் புயல் என்றே கூப்பிட்டார்கள். அவள் நடந்து போனால் திரைச்சீலை ஆடும்.

முதல் நாள் காலையில் அந்தப் புயல் என் கட்டிலருகே நின்றுகொண்டு, கைபேசி மாதிரி ஒன்றைக் குனிந்து தட்டிக்கொண்டிருந்தாள்.

"வேலை நேரத்துல ஃபோன் எதுக்கும்மா" என்றேன், நிமிர்ந்து உட்கார முயன்றபடி.

"ஃபோன் இல்ல தாத்தா. உங்க காய்ச்சலைத்தான் எழுதறேன்."

"தாத்தாவா?"

"சரிங்க, ஐயா தாத்தா. கையைக் காட்டுங்க." என் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையின் மேல் அந்தக் கருவியைக் காட்டினாள். அது ஒருமுறை கூவியது. பிறகு மாத்திரை உறையின் மேல் காட்டினாள். மறுபடி கூவியது. "நீங்க நீங்கதான், மாத்திரையும் உங்களுதுதான். இப்ப முழுங்குங்க."

என்னைப் போலவே மற்றவர்களும் முறையிட்டிருக்க வேண்டும். மதியம் மருமகள் வந்தாள். வீட்டில் தலை குனிந்து பேசுகிறவள், அங்கே வார்டு நடுவில் நின்று ஆணை போட்டாள். "இனிமே கருவியைத் தொடறதுக்கு முன்னாடி, என்ன எழுதப் போறோம்னு நோயாளிகிட்ட வாய்விட்டுச் சொல்லணும். எழுதினதும் திருப்பிக் காட்டணும். ஒளிச்சு வச்சுத் தட்டினா விளையாடறோம்னுதான் நினைப்பாங்க." பிறகு என்னிடம் வந்து, "வலி எப்படி இருக்கு" என்று கேட்டாள். வலி பற்றி மட்டும் கேட்டாள். மற்றவர்களுக்குக் கொடுத்த அதே நேரத்தை எனக்கும் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு மகிழ்ச்சிதான்.

இரண்டு கருவிகளுக்கும் நர்ஸுகள் வைத்த பெயர் பெரிசு, சின்னது. ஒரு நாள் பெரிசு, ஒரு நாள் சின்னது என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள்.

பெரிசு ஒரு பலகை அளவு இருந்தது. எழுத்து நன்றாகத் தெரியும், அதில் குறையில்லை. ஆனால் அதைப் பிடிக்க ஒரு கை போய்விடும். நோயாளியைப் பிடிக்க இன்னொரு கைதான் மிச்சம். ஓட்டுநரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டியிருந்தபோது, புயல் அதை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்துவிட்டு என் வயிற்றின் மேல் வைத்தாள்.

"நான் என்ன மேசையா?" என்றேன்.

"கொஞ்ச நேரம் மூச்சை மெதுவா விடுங்க ஐயா தாத்தா, வழுக்கிடும்."

மறுநாள் பெரிசின் மேல் மாத்திரைக் கிண்ணங்களை வரிசையாக வைத்துத் தட்டு மாதிரி ஏந்தி வந்தாள் இன்னொரு நர்ஸ். ஓட்டுநர் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்காவது உதவுதே" என்றார்.

சின்னதும் குறையில்லாதது அல்ல. நர்ஸ் உடுப்பின் பை ஆழமில்லாதது. புயல் குனிந்தபோது அது நழுவித் தரை துடைக்கும் வாளிக்குள் விழுந்தது. அவள் கையுறையோடு துழாவி எடுத்து, உதறி, உடுப்பில் துடைத்தாள். அது அவள் கையில் இருந்தபடியே கூவியது. "உயிரோட இருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று இருந்தது. கட்டிலில் இருக்கும் மணியை அழுத்தினால், பெரிசு இருக்கும் நாளில் அது எங்கோ மேசையில் கிடந்து ஒலிக்கும். சின்னது இருக்கும் நாளில் நர்ஸின் பையிலேயே ஒலிக்கும், எந்தக் கட்டில் என்றும் சொல்லும். ஓட்டுநருக்கு ஒரு முறை மூச்சு அடைத்துக்கொண்டது. அன்று சின்னதின் நாள். மணியை அழுத்திய கையை நான் எடுப்பதற்குள் புயல் வந்து நின்றாள்.

எது சம்பந்தியுடையது என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருப்பதாகத் தோன்றவில்லை. சம்பந்தியை நான் அறிவேன். அவருடைய கார் பெரிசு, மோதிரம் பெரிசு, குரல் அதைவிடப் பெரிசு. கல்யாணத்தில் அவர் கொண்டுவந்த மாலை மாப்பிள்ளையின் முட்டியைத் தொட்டது. அந்தப் பலகை அவருடையதாக இல்லாமல் வேறு யாருடையதாக இருக்கும்? பரீட்சை முடியும்வரை அவர் வார்டுப் பக்கமே வரக்கூடாது என்று மருமகள் சொல்லியிருந்ததால், அவரும் என்னைப் பார்க்க வரவில்லை.

ஆகவே, மருத்துவமனை டைரக்டர் வார்டைச் சுற்றி வந்து, "கருவிகளைப் பத்தி நோயாளிங்க என்ன நினைக்கிறீங்க" என்று கேட்டபோது, நான் தயங்கவில்லை.

"சின்னதைத்தான் வாங்கணும்" என்றேன், வார்டு முழுக்கக் கேட்கும்படி. "பெரிசு அலங்காரத்துக்கு ஆகும். யார் வந்து கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன். எனக்கு வேண்டியவங்க மனசு புண்பட்டாலும் சொல்வேன்."

டைரக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தலையாட்டிவிட்டு நகர்ந்தார். சொந்தத்துக்கு எதிராக நியாயத்தைச் சொன்ன திருப்தியில் அன்று நன்றாகத் தூங்கினேன்.

பரீட்சை முடிந்த மறுநாள் காலை, முடிவெடுக்கும் கூட்டம் தொடங்கவிருந்த வேளையில், சம்பந்தி வந்தார். கையில் ஆரஞ்சுக் கூடை. வாசலிலிருந்தே குரல் வந்துவிட்டது.

"சம்பந்தி, உங்க மனசு யாருக்கு வரும்? சின்னதைத்தான் வாங்கணும்னு டைரக்டர்கிட்டயே அடிச்சுச் சொன்னீங்களாமே. என் பொருளுக்காக இவ்வளவு தூரம் பேசுவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

ஓட்டுநர் இடுப்பு வலியையும் மறந்து என் பக்கம் திரும்பினார். "ஐயா, இவரு உங்களுக்குச் சொந்தமா?"

"சின்னதா உங்களோடது?" என்றேன் சம்பந்தியிடம்.

"பின்ன? அந்தப் பலகையை நான் தொடுவேனா? அதைக் கையில பிடிச்சாலே எனக்குத் தோள் வலிக்குது."

நான் போர்வையை விலக்கி, நடைச்சட்டத்தை இழுத்துக்கொண்டு எழுந்தேன். என் பெயரால், என் வாயால், என் வீட்டுக்கு நானே கறை பூசியிருக்கிறேன். அந்தக் கூட்டம் முடிவதற்குள் அங்கே போய் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சம்பந்தி கூடையோடு பின்னாலேயே வந்தார். "எங்க போறீங்க? கால் என்ன ஆகும்?"

"கால் கிடக்கட்டும். சம்பந்திக்காக நான் சிபாரிசு பண்ணினேன்னு நாளைக்கு என் மருமகளைத்தானே பேசுவாங்க?"

அவர் நடைவழியில் நின்றுவிட்டார். முதன்முறையாக அவர் குரல் இறங்கியது. "அவளுக்குக் கெட்ட பேரு வர்றதா இருந்தா எனக்கு இந்த வியாபாரமே வேண்டாம், சம்பந்தி. அவ உங்களுக்கு மருமகள்னா, எனக்கும் வீட்டுப் பொண்ணுதான். நான் விலகிக்கிறேன். இப்பவே உள்ள போய்ச் சொல்லிடறேன்."

எனக்கு நெஞ்சு லேசானது. அதுதான் சரி. அதோடு பேச்சு அடங்கிவிடும், யார் வாயும் திறக்காது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது எங்களைத் தாண்டி ஒரு நர்ஸ் இரண்டு கைகளாலும் ஒரு பாட்டியைத் தாங்கி நடத்திக்கொண்டு போனாள். இன்னும் திருப்பிக் கொடுக்காத சின்னது அவள் பையில் கூவியது. எட்டிப் பார்த்துவிட்டு, எதிரே வந்தவளிடம், "மூலைக் கட்டில், நீ போ" என்றாள். எதிரே வந்தவள் ஓடினாள். பாட்டியின் நடை நிற்கவில்லை.

அவர் விலகினால் அந்தப் பலகைதான் வரும். அவள் அதை எந்தக் கையில் பிடிப்பாள்?

"விலகக் கூடாது" என்றேன்.

"நீங்கதானே சம்பந்தி..."

"நான்தான் சொல்றேன். பேசுறவங்க என்னைப் பேசட்டும். அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க விலகினீங்கன்னா உங்களோட பேச்சுவார்த்தையே கிடையாது."

அவர் கூடையைக் கை மாற்றிக்கொண்டார்.

கூட்ட அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் மருமகள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் இருவரையும் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "மாமா, யார் உங்களை எழுந்திரிக்கச் சொன்னது?"

"நீ ஏம்மா வெளியில இருக்கே? கூட்டம் உள்ளதானே நடக்குது?"

"இவரு நமக்குச் சொந்தம்னு மொத நாளே டைரக்டர்கிட்டச் சொல்லிட்டேன். நான் ஓட்டுப் போடறதில்ல, உள்ளயும் உட்கார்றதில்ல. நர்ஸுங்களே முடிவு பண்ணட்டும்னு விட்டுட்டேன்."

நான் நின்றேன். இதையெல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை. கேட்க மாட்டேன் என்றவன் நான்தானே. ஆனாலும் வந்த காரியம் இருந்தது. கதவைத் தட்டினேன். "உள்ள வாங்க" என்றார்கள்.

மேசையைச் சுற்றி டைரக்டரும், கணக்குப் பிரிவுக்காரரும், மூத்த நர்ஸுகளும், ஓரத்தில் புயலும் இருந்தார்கள். நடைச்சட்டத்தைப் பிடித்து முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"சின்னதை விக்கிறவரு என் சம்பந்தி. அது அவரோடதுன்னு தெரியாமத்தான் நான் பேசினேன். தெரிஞ்சிருந்தா வாயே திறந்திருக்க மாட்டேன். ஆகவே நான் சொன்னதை நீங்க கணக்குல எடுக்கக் கூடாது. இது என் வீட்டுப் பேரு சம்பந்தப்பட்டது."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க உட்காருங்க ஐயா. உங்க கருத்தை நாங்க சேர்க்கவே இல்ல. நான் வார்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே உங்க மருமக வந்து, ஜன்னலோரக் கட்டில்காரர் பேச்சை மட்டும் தள்ளிடுங்கன்னு சொல்லிட்டாங்க."

"தள்ளிடச் சொன்னாளா?"

"இன்னொண்ணும் சொன்னாங்க. எப்படியும் அவரு சத்தமாத்தான் சொல்வாரு, சங்கடப்படாதீங்கன்னு."

மூத்த நர்ஸ் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். புயல் அந்த முயற்சியையும் செய்யவில்லை.

"முடிவு வந்தாச்சு ஐயா" என்றார் கணக்குப் பிரிவுக்காரர். "ஒருத்தர் விடாம சின்னதைத்தான் கேட்டிருக்காங்க. பையை ஆழமாத் தைச்சுக் கொடுக்கணும்னு ஒரே ஒரு நிபந்தனை. தையல்காரர் உங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல" என்றேன். "விசாரிச்சுச் சொல்றேன்."

அப்போது மேசையைச் சுற்றியிருந்த எல்லாப் பைகளும் ஒரே நேரத்தில் கூவின. நர்ஸுகள் எல்லோரும் எடுத்துப் பார்த்தார்கள். மூத்தவள் உரக்கப் படித்தாள். "ஜன்னலோரக் கட்டில் காலி. நடைப்பயிற்சி கொடுக்க வந்தவர் தேடுகிறார். வயதானவர், நடைச்சட்டத்தோடு. பார்த்தவர்கள் உடனே சொல்லவும்."

புயல் பதில் தட்ட விரலை நீட்டினாள். மருமகள் போட்டிருந்த விதிப்படி என் பக்கம் திரும்பி, வாய்விட்டே சொன்னாள். "'கிடைச்சுட்டார், கூட்ட அறையில பேசிட்டு இருக்கார்'னு எழுதறேன் ஐயா தாத்தா." பிறகு தட்டிவிட்டு, கருவியைத் திருப்பிக் காட்டினாள். நானும் படித்துப் பார்த்தேன். எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை.

வெளியே சம்பந்தி பெஞ்சில் உட்கார்ந்து என் மருமகளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வருவதைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். அவள் விடவில்லை. "உட்காரக் கூடாது மாமா. எழுந்து வந்தாச்சு, அப்படியே கட்டில் வரைக்கும் நடந்துடுங்க" என்றாள். மருமகளாகச் சொன்னாளா, நர்ஸாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. நடந்தேன். ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் சம்பந்தி. வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், யாரும் கேட்காமலேயே, இவர் எனக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டே போனேன்.