துவைக்காத போர்வை

எங்கள் பூனைக்குக் கமிஷனர் என்று பெயர் வைத்தவள் நான்தான். கேலிக்குத்தான் வைத்தேன். அது பதவியை ஏற்றுக்கொண்டுவிட்டது. காலையில் லாண்டரியைத் திறந்ததும் நான்கு மெஷின்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வரும். இஸ்திரி மேசைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வரும். பிறகு பின்கதவு வழியாக முற்றத்துக்குப் போய், எங்களுக்கும் பக்கத்து பேக்கரிக்கும் பொதுவான சுவரில் ஏறி உட்காரும். எந்தப் பக்கம் குதிப்பது என்று தெரியாமல் தவிப்பவர்களை மதில்மேல் பூனை என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் இதைப் பார்த்ததில்லை. இது என்றைக்கோ முடிவு செய்துவிட்டது: சுவரும், சுவரின் இரண்டு பக்கங்களும் இதற்குத்தான்.

தையல்கடைப் பூனை இதனிடம் இரண்டு முறை அடிவாங்கி, பிறகு எங்கள் முற்றத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. சைக்கிள் கடைக்காரரின் கிழட்டுப் பூனை வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டது. பேக்கரிக்காரம்மாவின் வெள்ளைப் பூனை சர்க்கரை மட்டும்தான் விட்டுக்கொடுக்காமல் நின்றது. வாரத்துக்கு மூன்று சண்டையாவது நடக்கும். குட்டியாக இருந்தபோதே கமிஷனருக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்தாகிவிட்டதால், வயதுக் கோளாறு என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. கழுத்தில் மணி கட்டிப் பார்த்தோம். மணிச் சத்தம் கேட்டதும் சர்க்கரை முன்கூட்டியே சுவரில் ஏறித் தயாராக நின்றதுதான் மிச்சம். மூன்று நாள் உள்ளே அடைத்து வைத்தோம். மூன்றாம் நாள் அது, இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டின்மேல் ஒன்றுக்குப் போய்த் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது.

எனக்கு மூக்கின் மேல் கோபம் வருவது அழுக்கைப் பார்த்தால்தான். மற்ற விஷயங்களுக்குக் கொஞ்சம் தாமதமாக வரும். இருபத்திரண்டு வருடமாக ஊரார் அழுக்கைப் போக்குகிறவள் என் கடையில் ஒரு விரலளவு கறையைப் பொறுத்துக்கொள்வேனா? கமிஷனர் கதவு நிலையிலும் மேசைக் காலிலும் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பழுப்பாக ஒரு எண்ணெய்ப் பிசுக்கை ஏற்றி வைக்கும். கடை மூடுவதற்குமுன் அத்தனையையும் சோப்புத் தண்ணீரால் துடைத்து எடுப்பேன். அது படுக்கும் துணியைத் தினமும் துவைப்பேன். என் கணுக்காலில் வந்து உரசினால், குழாயைத் திறந்து உடனே காலைக் கழுவிவிட்டுத்தான் மறுவேலை.

என் கணவர் நேர் எதிர். எதற்கும் முகம் சுளிக்கமாட்டார், எதையும் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். என்னிடம் பேசுவது "சாப்டாச்சா", "அந்தச் சட்டை எங்க" என்ற அளவில்தான். ஆனால் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டால், மேசைக்கு அடியில் படுத்திருக்கும் பூனையிடம் எல்லாம் சொல்வார். அவருக்கு முட்டி வலிக்கிறது என்பதும், அவர் அண்ணன் நாலு மாதமாகப் போன் பண்ணவில்லை என்பதும் நான் மெஷினுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டவை. எனக்குப் பொறாமைதான். அதற்கு வேறு பெயர் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஒரு திங்கட்கிழமை, துணி உலர்த்தும் மெஷினுக்குப் பின்னால் விழுந்த ஒற்றைக் காலுறையைத் தேடப் போய், அங்கே ஒரு போர்வையைக் கண்டுபிடித்தேன். ஒரு காலத்தில் நீல நிறம். இப்போது என்ன நிறமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பிக்கிடந்த ரோமத்தைத் திரட்டினால் இன்னொரு பூனையே செய்யலாம். என் கடையில், என் மூக்குக்கு ஐந்தடி தூரத்தில், இப்படி ஒன்றா? கொதிக்கும் தண்ணீரில் ஊறப்போட்டு, இரண்டு முறை மெஷினில் ஓட்டி, வாசனைத் திரவம் விட்டு அலசி, வெயிலில் காயப்போட்டேன். நீலம் திரும்பி வந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை. கணவர் முற்றத்துக்கு வந்தார், கொடியில் தொங்கியதைப் பார்த்தார், அதன் ஓரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார், பிறகு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் நடந்ததைச் சண்டை என்று சொல்வது குறைவு. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது இரண்டு பூனைகளும் ஒரே பந்தாகப் பேக்கரி முற்றத்தில் உருண்டுகொண்டிருந்தன. பேக்கரிக்காரம்மா நடுவில் கையை விட்டுவிட்டார். சர்க்கரையின் காதில் ஒரு துண்டு போனது. அவர் முன்கையில் நாலு தையல் விழுந்தது. பத்து நாளைக்கு மாவு பிசையக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்தக் கையால்தான் அவர் கடையே நடக்கிறது. கிழித்தது எந்தப் பூனையின் நகம் என்று யாரும் ஆராயவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் இரண்டு கடைகளையும் வாடகைக்கு விட்டிருக்கும் கட்டட ஓனர் வந்தார். பதினான்கு நாள் தருவதாகவும், அதற்குள் இன்னொரு சண்டை நடந்தால் பூனை இந்தக் கட்டடத்தில் இருக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஊருக்கு வெளியே மரக்கடை வைத்திருக்கும் என் தம்பி, எலி பிடிக்க ஆள் தேவைதான், கொடுத்தால் வைத்துக்கொள்கிறேன் என்றான். கணவர் பரணிலிருந்து பூனைக்கூண்டை இறக்கித் தூசி தட்டி, கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றிலிருந்து இஸ்திரி போடும்போது பூனையிடமும் பேசுவதை நிறுத்திவிட்டார். கடையில் மெஷின் சத்தம் மட்டும்தான் மிஞ்சியது. ஒட்டுக்கேட்கக்கூட ஒன்றுமில்லை. இந்தப் பூனை போனால் இவர் இப்படியே இருந்துவிடுவார் என்று பயந்துபோனேன்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கமிஷனரைக் கூண்டில் போட்டுக்கொண்டு மிருக டாக்டரிடம் போனேன். சின்ன வயதுப் பெண். பூனையைத் தொடுவதற்குமுன் அது படுத்திருந்த துணியை எடுத்து முகர்ந்து பார்த்தார். எத்தனை நாளைக்கு ஒருமுறை துவைப்பீர்கள் என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, தினமும், ரெண்டு தண்ணி அலசி, என்றேன். வேறு என்னவெல்லாம் கழுவுவீர்கள் என்றார். கதவு நிலை, மேசைக்கால், துணி காயப்போடும் கொடிக்கம்பம், என் கால் என்று வரிசையாகச் சொன்னேன். பாராட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

"அம்மா, அது கன்னத்தைத் தேய்க்கிறது சும்மா இல்ல. இது என் இடம்னு எழுதி வைக்குது. நீங்க தினமும் அழிச்சிடுறீங்க. காலையில எழுந்து பாத்தா, அதுக்கு இருக்கிற இடமே தன்னோடதுதானான்னு சந்தேகம் வந்துடுது. அப்புறம் எதிர்ல யார் வந்தாலும் அடிக்கத்தானே செய்யும்?"

சுத்தத்தைக் குற்றம் என்று என் முகத்துக்கு நேராகச் சொன்ன முதல் ஆள் அவர்தான். எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. ராத்திரியோடு ராத்திரியாக எவனோ என் கடைப் பலகையைக் கழற்றிவிட்டால் காலையில் நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். தெருவில் எதிர்ப்பட்ட முதல் ஆளின் சட்டையைப் பிடித்திருப்பேன். கோபம் இறங்கிவிட்டது. அடுத்த நொடி அந்தப் போர்வை ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை துவைத்தேன், செவ்வாய்க்கிழமை சண்டை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கூண்டுக்குள் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

கணவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"எனக்கும் இதெல்லாம் தெரியாது. அந்தப் போர்வைல படுத்தா நிம்மதியா தூங்கும். அதான் ஒளிச்சு வெச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா துவைச்சிருப்பே."

 துவைத்திருப்பேன்.

மிச்சமிருந்த நாட்களில் டாக்டர் சொன்னபடி செய்தோம். பின்பக்க ஜன்னலின் கீழ்ப்பாதியில் காகிதம் ஒட்டினேன், சர்க்கரை கண்ணில் படாமல் இருக்க. பேக்கரிக்காரம்மாவிடம் தலையைக் குனிந்துகொண்டு போய் நின்றேன். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இருந்தாலும் டாக்டர் சொன்ன விவரத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார். காலை பத்து மணிவரை முற்றமும் சுவரும் சர்க்கரைக்கு, அதற்குமேல் கமிஷனருக்கு என்று பேசி முடித்தோம். இதெல்லாம் சுலபம். கஷ்டமானது ஒன்றுதான். பூனையின் கன்னத்தைப் பருத்தித் துணியால் மெல்லத் துடைத்து, அந்த அழுக்கைக் கதவு நிலையிலும் மேசைக்காலிலும் முற்றத்துச் சுவரை ஒட்டி, அதற்குமேலும் உயர்ந்து நிற்கும் கொடிக்கம்பத்திலும் தடவ வேண்டும். இருபத்திரண்டு வருடம் எந்த நேரத்தில் துடைத்தேனோ அதே நேரத்தில், அதே இடங்களில், பல்லைக் கடித்துக்கொண்டு அழுக்கைப் பூசினேன். கை அரித்தது. ஒருநாள் மேசைக்காலைத் துடைக்க உட்கார்ந்தே விட்டேன். கணவர் ஈரத்துணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நீலப் போர்வையைப் பழைய இடத்திலேயே விரித்துப் போட்டோம். கமிஷனர் முகர்ந்து பார்த்துவிட்டு, அயலார் வீட்டுச் சாமான் போல ஒதுக்கித் தள்ளியது. நான்காம் நாள் ஓரத்தில் உட்கார்ந்தது. ஏழாம் நாள் நடுவில் சுருண்டு படுத்தது. நீலம் மங்கத் தொடங்கியதைப் பார்த்து வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன்.

பதினான்காம் நாள் பதினோரு மணிக்குப் பேக்கரிக்கு மாவு மூட்டை வந்தது. இறக்கியவர்கள் பின்கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான் துணி காயப்போட முற்றத்துக்கு வந்தபோது சுவர்மேல் அந்தக் கோடியில் சர்க்கரை, இந்தக் கோடியில் கமிஷனர். இரண்டின் தொண்டையிலிருந்தும் அந்தப் பழைய உறுமல். கமிஷனரின் வால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி உப்பியிருந்தது. நான் தண்ணீர் வாளியைத் தூக்கினேன். சத்தம் கேட்டு வந்த கணவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேண்டாம். பாக்கலாம்."

வாளியைப் பிடித்தபடியே நின்றேன். கமிஷனர் சர்க்கரையை நோக்கி இரண்டடி வைத்தது. அந்த இரண்டடியில் கொடிக்கம்பம் இருந்தது, என் கையாலேயே பழுப்பேற்றிய கம்பம். நின்று முகர்ந்தது. ஒரு கன்னத்தைத் தேய்த்தது. பிறகு மறு கன்னம். தேய்க்கத் தேய்க்க வால் மெலிந்தது. கம்பத்தை ஒட்டியே சுவர்மேல் உட்கார்ந்து, எதிரில் ஒருத்தி நிற்பது தெரியாதது போல, முன்காலைத் தூக்கி நக்க ஆரம்பித்தது. சர்க்கரை கொஞ்ச நேரம் பார்த்தது. அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. பிறகு அவசரமே இல்லாமல் எழுந்து தன் பக்கம் இறங்கிப் போனது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நானும் உட்கார்ந்துவிட்டேன்.

பேக்கரிக்காரம்மா தன் வாசலில் மாவுச் சல்லடையோடு நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். தையலைப் பிரித்துவிட்டார்கள் போல. கையில் தழும்பு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

"கூண்டை எடுத்து மேல போட்டுடுங்க அக்கா. ஓனர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றவர், உள்ளே போகத் திரும்பி, "அந்தக் கம்பத்தை மட்டும் துடைச்சிடாதீங்க" என்றார்.

எழுந்து உள்ளே வந்தேன். கமிஷனரும் பின்னாலேயே வந்து என் கணுக்காலில் கன்னத்தை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, மெஷினுக்குப் பின்னால் தன் போர்வைக்குப் போனது. கை தானாகக் குழாய்க்குப் போனது. கதவு நிலை, மேசைக்கால், கொடிக்கம்பம், அதற்கடுத்து என் கால். இத்தனை வருடம் என்னையும் அது தன் கணக்கில்தான் எழுதி வந்திருக்கிறது. நான்தான் தினமும் அழித்துக்கொண்டிருந்தேன். குழாயைத் திறக்கவில்லை.

கணவர் ஏணியில் ஏறிக் கூண்டைப் பரணுக்குள் தள்ளினார். இறங்கும்போது சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"முட்டி இன்னிக்குப் பரவாயில்ல."

பூனை எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். அது மெஷினுக்குப் பின்னால் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. கடையில் வேறு யாரும் இல்லை.

மெஷினை நிறுத்திவிட்டு, எந்த முட்டி என்று கேட்டேன்.